மேல் ஏரியில் சோறு

வண்டியை விட்டு இறங்கும் முன்பே வழிகாட்டி கொன்ராட் சொல்லிவிட்டான்.

"முதல் மேடை வரைக்கும்தான். ரெண்டு ஏரியப் பாருங்க, போட்டோ எடுங்க, இறங்குங்க. உச்சி இன்னிக்குக் கிடையாது. வெந்நீர் ஊத்துக்குப் போகணும், சாப்பாடு இருக்கு, சாயங்காலம் கடற்கரை."

மௌமெரே ஆஸ்பத்திரிச் சமையல்காரர்களின் வருடாந்தரச் சுற்றுலா அது. எல்லோரும் தலையாட்டினார்கள். எர்னா ஆட்டவில்லை. அவள் மடியில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. சிவப்பரிசிச் சோறு, பன்றிக்கறி, வெற்றிலை பாக்கு, கிராம்புச் சிகரெட் ஒன்று. எல்லாம் அவள் கணவன் தாமியானுக்கு.

தாமியான் கடல் தாண்டி சபாவில் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே இறந்தான். அங்கேயே புதைத்தார்கள். உடல் எங்கே கிடந்தாலும் உயிர் இந்தக் கெலிமுத்து மலைக்கு வந்துவிடும். கெட்டவர்களுக்கு ஓர் ஏரி, இளையவர்களுக்கு ஓர் ஏரி. அவை இரண்டும் ஒட்டிக் கிடந்தன. முதியவர்களின் ஏரி உச்சிக்கு அந்தப் பக்கம்.

மேடையில், கூடச் சமைக்கும் பெர்த்தா கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினாள்.

"உம் புருஷனுக்கு நாப்பது வயசுதானே. இளவட்டம். இங்கேயே வச்சிட்டு வா. நான் போய் வெந்நீர்ல முதுகைப் போடணும்."

"அவரு தாத்தா."

"எப்பலேருந்து?"

"சாகறதுக்கு முந்தின நாள்லேருந்து. பொண்ணுக்குப் பிள்ளை பொறந்துச்சு. போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்பினேன்."

"கேட்டாரா?"

"தெரியாது. பேரன் பொறந்தா கெழவன்தான். கேட்டா என்ன, கேக்காட்டி என்ன."

எர்னா உச்சிப் படிகளில் கால் வைத்தாள். கொன்ராட் குறுக்கே வந்து நின்றான்.

"அக்கா, வண்டி நிக்காது."

"போகட்டும். காய்கறி லாரில வந்துக்கறேன்."

"உங்கள விட்டுட்டுப் போனா முதலாளி என்னைத் தின்னுருவாரு."

"அப்ப நிக்கச் சொல்லு."

அவள் ஏறினாள். அவனும் முனகிக்கொண்டே பின்னால் ஏறினான். பாதி வழியில் மூடுபனி வந்தது. உச்சியில் ஏரி தெரியவில்லை. கம்பிக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

"பாத்தாச்சு," என்றான் கொன்ராட். "போலாமா?"

எர்னா ஒரு கல்லைத் துடைத்து இலையைப் பிரித்து வைத்தாள். சற்றுத் தள்ளி ஒரு குரங்கு உட்கார்ந்து பார்த்தது.

"தாமியான்," என்று கூப்பிட்டாள். பிறகு உரக்கக் கூப்பிட்டாள்.

சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தாள். தீக்குச்சி அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. கொன்ராட் தன் லைட்டரைக் கொடுத்தான். அதுவும் பிடிக்கவில்லை.

"ஈரம்," என்றான்.

"ஈரத்துல அவரு எத்தனை பிடிச்சிருக்காரு. மழைலயே பிடிப்பாரு."

அவன் லைட்டரைச் சட்டைப்பையில் போட்டான். அவனும் அந்த மலைப்பக்கத்து ஆள்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒருவேளை அந்தச் சேதிய அவரு கேக்கவே இல்லையோ, அக்கா?"

எர்னா வெள்ளையைப் பார்த்தபடி நின்றாள். கீழே ஹாரன் அடித்தது. சிகரெட்டைச் சோற்றின் பக்கத்தில் வைத்தாள். இலையை மடக்கினாள். மேலே ஒரு கல்லை ஏற்றினாள்.

"கேக்காம எப்படி வருவாரு," என்றாள். "அவரப் பொறுத்த வரைக்கும் இன்னும் இளவட்டம்."

விடுவிடுவென்று இறங்கினாள். மேடையில் யாரும் இல்லை. எல்லோரும் வண்டிக்குப் போய்விட்டார்கள். மறுபடி ஹாரன். இந்த முறை விடாமல்.

"அக்கா, வண்டி அந்தப் பக்கம்," என்றான் கொன்ராட்.

அவள் இளையவர்களின் ஏரிப் பக்கம் போனாள். பனி இங்கும் வந்துவிட்டது. தண்ணீரின் ஓர் ஓரம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"தாமியான். பேரன் பொறந்திருக்கான். உங்க காதுதான். இங்க இருந்தது போதும், சோத்த மேல வச்சிருக்கேன். குரங்கு தூக்கறதுக்குள்ள ஏறுங்க."