நாளைக்குக் கேட்கும் வயலின்

இசைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வயலின் வாசித்தால், சத்தம் மறுநாள்தான் கேட்டது. வாசித்த அதே இடத்தில், அதே நேரத்துக்கு, அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்டது. தந்தியை மாற்றிப் பார்த்தார்கள், வில்லை மாற்றிப் பார்த்தார்கள், வேறொருத்தியின் வயலினை வாங்கிக் கொடுத்தும் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இதே கதைதான். காரணம் என்னவென்று கேட்டால், கல்லூரியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஒன்றைத்தான் சொல்வார்கள். சேர்ந்த நாளிலிருந்து அலுவலகத்தில் அவள் காதில் விழுந்த ஒரே பேச்சு "நாளைக்கு வாம்மா". பயிற்சி அறைச் சாவி கேட்டால் நாளைக்கு, அடையாள அட்டை கேட்டால் நாளைக்கு, அந்த நாளைக்குப் போனால் எழுத்தர் விடுப்பு. வருடக்கணக்கில் இப்படி அலையவிட்டால் மனுஷியே ஒருமாதிரி ஆகிவிடுவாள், பாவம் சத்தம் என்ன செய்யும்? தோழிகள் அவளுக்கு 'மறுநாள்' என்று பேர் வைத்தார்கள். ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

பழகாதது விதிமுறைப் புத்தகம் ஒன்றுதான். வகுப்பில் வாசித்துக் காட்டினால்தான் வருகைப் பதிவு என்று அதில் இருந்தது. அவள் வியர்க்க விறுவிறுக்க வாசிப்பாள், பேராசிரியர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு 'வரவில்லை' என்று குறிப்பார். மறுநாள் அதே அறையில் இசை வரலாற்று வகுப்பு நடக்கும்போது, யாருமில்லாத மூலையிலிருந்து வயலின் கிளம்பும். வரலாற்று ஆசிரியை சாக்பீஸை வீசிவிட்டுப் போய்ப் புகார் கொடுப்பார். ஆக, வராததற்கு ஒரு நோட்டீஸ், வந்து தொந்தரவு செய்ததற்கு ஒரு நோட்டீஸ், இரண்டும் ஒரே உறையில் வரும். உறையை மிச்சம் பிடித்தார்களே தவிர, இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு ஆள் இல்லை அந்தக் கட்டடத்தில். அவளோடு விடுதி அறையில் இருந்த டிரம்ஸ்காரிக்கு மட்டும் இதில் லாபம். தோழி முந்தின நாள் காலையில் அறையில் வாசித்ததை அலாரமாக வைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

ஆண்டு இறுதித் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த மூன்று தேர்வாளர்கள் மேடைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தலைமைத் தேர்வாளர் முட்டி வலிக்காரர், எப்போது எழுந்திருக்கலாம் என்றே பார்த்துக்கொண்டிருப்பவர். "ஆரம்பிம்மா" என்றார். "முடிச்சிட்டேன் சார்" என்றாள் அவள். பூஜ்யம் போட்டார்கள். மறுநாள் நடனத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது அந்த இசை மேடையில் வந்து இறங்கி, ஆடிக்கொண்டிருந்த பெண்ணைத் தடுமாறி விழவைத்தது. அடுத்த வருடம், முதல் நாள் கையைப் பாருங்கள், மறுநாள் வந்து காதால் கேளுங்கள் என்று மனுப் போட்டாள். மனுவை ஏற்றுக்கொண்டார்கள், முதல் நாள் பார்த்தார்கள், மறுநாள் கேட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று தலையைக்கூட ஆட்டினார்கள். கடைசியில், கையும் ஓசையும் ஒரே அமர்வில் இருந்தால்தான் மதிப்பெண் என்று ஃபெயில் போட்டார்கள். அப்படியானால் மனுவை எதற்கய்யா ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. டிரம்ஸ்காரிக்கு வந்தது. அவளுக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது.

மூன்றாவது முறையும் தேறாவிட்டால் பேர் நீக்கம், படித்ததெல்லாம் தண்ணீரில் போட்டது. அவளை வளர்த்த அத்தை தையல்கடை வைத்திருந்தாள். தங்கமான மனுஷிதான், ஆனால் அவள் போன் எடுத்தாலே பேச்சு ஒன்றுதான். "போதும்டி கண்ணு, உன் சத்தம் நாளைக்கு வரட்டும் இல்ல அடுத்த வருஷம் வரட்டும். காஜா எடுக்கக் கை இருந்தா போதும், வந்துரு." மறுநாளுக்குக் காஜா எடுப்பதில் ஒரு இழிவும் தெரியவில்லை. ஆனால் அவள் வாசித்தது நன்றாக இருந்தது, அது அவளுக்கே தெரியும். அதை ஒருவரும் ஒரு தாளில் எழுதித் தராமல் போய்விடுவார்களோ என்ற நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

யோசனை டிரம்ஸ்காரியுடையது. தேர்வுக்கு முந்தின நாள் அதே நேரத்துக்கு அரங்கத்தில் போய் வாசித்துவிட வேண்டும். தேர்வன்று அந்தச் சத்தம் தானாக வரும், அதற்கு ஏற்றபடி வில்லைத் தந்தியில் படாமல் ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். மூன்றாம் முறை எழுதுகிறவர்களுக்கு அரங்கில் ஒத்திகை கிடையாது என்று ஒரு விதி இருந்ததால், டிரம்ஸ்காரி தனக்குக் கிடைத்த ஒரே ஒத்திகை நேரத்தை அவளுக்குத் தூக்கிக் கொடுத்தாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. உனக்கு அடுத்த நாள் அதே மணிக்கு என் பரீட்சை. நீ வில்லை அழுத்தினே, அது என் தலையில வந்து விடியும். தனி வாசிப்புல வேற வாத்தியம் கேட்டா டிஸ்குவாலிஃபை." மறுநாள் உடனே டிரம்ஸ்காரியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

தேர்வன்று எல்லாம் சொன்னபடியே நடந்தது. அவள் வில்லைத் தூக்கியதும் நேற்றைய இசை மேடையில் எழும்பியது. தேர்வாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை காலத்தில் கை அசையும்போதே காதில் இசை கேட்பது அன்றைக்குத்தான். பாதி வரைக்கும் வில்லைக் காற்றில்தான் ஓட்டினாள். அப்புறம் சத்தியமாவது ஒன்றாவது, எல்லாம் மறந்துபோயிற்று. நேற்றைய தனக்குப் பதில் சொல்வதுபோல, அதுவரை எங்குமே வாசிக்காத ஒன்றை அழுத்தி வாசித்தாள். அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட வரைக்கும் மூன்று பேரும் தாராளமாக மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார்கள்.

அறைக்கு வந்து, "அழுத்திட்டேன்டி" என்றாள். "நீயெல்லாம் ஒரு ஜென்மமா? உனக்குப் போய் என் நேரத்தைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று டிரம்ஸ்காரி தலையணையைத் தூக்கி எறிந்தாள். திட்டித் தீர்த்துவிட்டு அழுதாள். அந்த நிமிடமே மறுநாள் அலுவலகத்துக்கு ஓடினாள். தோழியின் தேர்வை ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். காரணத்தை எழுதிக்கொண்டு நாளைக்கு வா என்றார் எழுத்தர்.

அடுத்த நாள் டிரம்ஸ்காரி மேடையில் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தாள். அரங்கின் பின்கதவைத் திறந்துகொண்டு மறுநாள் உள்ளே வந்தாள். நேரே தேர்வாளர்கள் முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நேற்றுக் கேட்டது முந்தாநாள் வாசித்தது, வில்லை ஆட்டி ஏமாற்றியது தான், இப்போது வரப்போவதும் தன்னுடையதுதான். "என் பாஸை எடுத்துக்குங்க சார். இவளை விட்டுருங்க, இவ மேல ஒரு தப்பும் இல்ல." தலைமைத் தேர்வாளர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, இது என்ன தலைவலி என்பதுபோலப் பார்த்தார். வில் காற்றில் ஓடிய நேரமெல்லாம் கழிந்தது. அப்புறம் அது வந்தது. முந்தாநாளைய இசை இல்லாமல், பதில் மட்டும் தனியாக வந்தது. அதைக் கேட்டதும் டிரம்ஸ்காரியின் கோபம் போன இடம் தெரியவில்லை. சனியனே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே குச்சியை இறக்கி, அதோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

எழுத்தர் விதிமுறைப் புத்தகத்தோடு ஓடி வந்தார். "சார், வேற வாத்தியம் கேக்குது. ரெண்டு பேரையும் நீக்கணும்."

தலைமைத் தேர்வாளர் மேடையைப் பார்த்து, "உனக்கு எதாச்சும் கேக்குதாம்மா?" என்றார்.

"எதுவும் கேக்கல சார்" என்றாள் டிரம்ஸ்காரி, தாளத்தை விடாமல்.

பக்கத்தில் இருந்த இரண்டு தேர்வாளர்களும் தங்களுக்கும் கேட்கவில்லை என்றார்கள். அவர்களில் ஒருவர் அதைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தலைமைத் தேர்வாளர், "எனக்கும் ஒண்ணும் கேக்கல" என்றுவிட்டு மறுநாளை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். எழுத்தர் விடாமல் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தலைமைத் தேர்வாளர் முட்டி வலியோடு எழுந்து நின்று, உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றார்.