ஊறவைத்த மழை

பூவந்தாங்கலில் ஒரு மழையின் விலை நாற்பது ரூபாய். இடியோடு வேண்டுமென்றால் ஐந்து ரூபாய் கூட. ஏரிக்குள் மூன்றாவது வருஷமாக மாடு மேய்ந்துகொண்டிருந்த அந்தக் கோடையில் இதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. முப்பத்தைந்துக்குக் கேட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மழை பட்டாசுக்காய்க்குள் இருந்தது. உத்திரமேரூர்ப் பக்கம் வரப்பில், சாக்கடை ஓரத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தானாக முளைக்கிற செடி. காலையில் ஊதாப் பூ பூத்து, பொழுது சாய்வதற்குள் உதிர்த்துவிடும். அடியில் விரல் விரலாகக் கிழங்கு இருப்பதால் வெட்டினாலும் காய்ந்தாலும் கவலைப்படாது. காய் முற்றிக் கறுத்த பிறகு எச்சில் தொட்டு வைத்தால் பட்டென்று வெடித்து விதைகளை எட்டடிக்கு வீசும். மற்ற ஊர்களில் விஷயம் அதோடு முடிந்தது. பூவந்தாங்கலில் விதை போய் விழுந்த வட்டத்தில் மட்டும், ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்கு மழை பெய்தது.

இதை முதலில் பார்த்தவள் காலனி சோபியா. களையெடுத்த கூலிக்காக நிலக்காரர் வெங்கடேசன் வீட்டு வாசலில் காத்திருந்த அலுப்பில் ஒரு காயை நாக்கில் தொட்டுச் சுண்டினாள். அவருடைய மோட்டார் சைக்கிள் சீட்டு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்தது. அவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், காக்காயைத் திட்டினார். அந்த வருஷம் மூன்று செடி. அடுத்த வருஷம் வரப்பில் பாதி. அதற்கடுத்த வருஷம் வரப்பே தெரியவில்லை. நனைந்த விதை பசைபோல ஒட்டும் என்பதால் மிச்ச வேலையை ஆட்டுக்காலும் சைக்கிள் டயரும் பார்த்துக்கொண்டன. காலனிப் பெண்கள் காயைத் தீப்பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் கத்தரிப் பாத்திக்கு ஒன்று, முருங்கைக்கு ஒன்று என்று சுண்டிக்கொண்டார்கள்.

சோபியா அதே வெங்கடேசனிடம் முப்பது சென்ட் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டிருந்தாள். ஒரு போகம் பொய்த்தாலும் நிலம் அவரிடம் திரும்பிவிடும், அவள் புருஷன் அருள்தாஸோடு செங்கல் சூளைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. பயிருக்கு ஐம்பது நாள் ஆகியிருந்தது. பூ கொட்டி, கடலையாகப் போகிற விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டிய நேரம். மண்ணோ ஓடு மாதிரி கிடந்தது. ஒரு வாரத்தில் நனையாவிட்டால் விழுது அந்தரத்திலேயே காய்ந்துவிடும். அந்த வாரம் பார்த்துத்தான் வெங்கடேசன் வரப்பு தன்னுடையது, ஆகவே மழையும் தன்னுடையது என்று கண்டுபிடித்தார். ஊரில் இருந்த காயையெல்லாம் ஆள் வைத்துப் பறித்து மூட்டை கட்டினார். கூலிக்குப் பறித்தவர்களில் சோபியாவும் ஒருத்தி. ஒரு காயைக்கூட மடியில் முடிய விடாமல் அவர் கூடவே நின்றார்.

பிறத்தியார் எச்சில் பட்ட மழை தன் நிலத்தில் விழக்கூடாது என்பது வெங்கடேசனின் கொள்கை. தானே தொடலாமென்றால் பத்தாவது காயில் வாய் வறண்டுவிட்டது. அந்த வீட்டிலிருந்து ஊறவைக்காமல் எந்த விதையும் நிலத்துக்குப் போனதில்லை. ஆகவே விதைநெல்லுக்குச் செய்வதையே இதற்கும் செய்வதென்று முடிவெடுத்துச் சோபியாவைக் கூப்பிட்டார்.

“தண்ணி பட்டா வெடிச்சிடும்ண்ணே,” என்றாள் அவள்.

“நாப்பது போகம் வெள்ளாம பண்ணவன் நானு. வெதைய ஊற வெக்கிறதுக்கு உன்னாண்ட கேட்டுக்கினு இருக்கணுமா? சாக்கோட தொட்டில எறக்கு. மேல ஒரு கல்ல வையி.”

“தொட்டிய எங்க வெக்கிறது?”

“எங்கியாவது வெய்யிம்மே. பேஜார் பண்ணாத.”

சோபியா தொட்டியின் ஒரு பக்கத்தை அருள்தாஸைப் பிடிக்கச் சொல்லித் தன் கடலைக் கொல்லை மூலைக்குக் கொண்டுபோனாள்.

“இன்னாத்துக்கு இங்க?” என்றான் அவன்.

“நெழலு கீது.”

சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம்கூட இல்லாத மூலை அது. அருள்தாஸ் வானத்தையும் அவளையும் பார்த்துவிட்டுத் தொட்டியை இறக்கினான்.

பத்துக் குடம் ஊற்றினாள், கல்லை வைத்தாள். முதலில் கல் போனது, பிறகு சாக்கு. நெருக்கியடித்துக் கிடந்த காய்கள் ஒன்றையொன்று உந்தியதால் எட்டடி என்ற அளவு அன்றைக்குச் செல்லவில்லை. விதைகள் கூரை தாண்டி, கோயில் மதில் தாண்டிப் பறந்தன. மழை பின்னாலேயே ஓடிப்போய் ஒவ்வொன்றையும் பிடித்தது. சோபியா கடலைக்கு நடுவில் நின்று, கால் விரல்களுக்கிடையே மண் குழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெங்கடேசன் வீட்டு மாடியில் நாலு படி அரிசி வடகம் கரைந்து தூம்பு வழியாகத் தெருவுக்கு வந்தது. “ஊருக்கே மழை வாங்கிக் குடுத்தியேய்யா, வடகத்த எடுன்னு ஒரு வார்த்த சொன்னியா?” என்று அவர் மனைவி ஆண்டாளம்மாள் கேட்டாள். அவர் மீசையில் ஒட்டிய விதைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

விழுதுகள் இறங்கின. முப்பது சென்ட்டில் ஐந்து மூட்டை கடலை வந்தது, குத்தகை நிலைத்தது. மழைக்குத்தான் விலை இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு வீடு வாசலிலேயே முளைத்தால் யார் காசு கொடுப்பார்கள்? இப்போது செடி பஸ் டயரில் ஏறி வாலாஜாபாத் வரை போயிருக்கிறது. அங்கே ரைஸ் மில்லில் நெல் காயும் களத்துக்குள் பூவந்தாங்கல்காரர்கள் காலைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மழை விழுந்த இடத்திலெல்லாம் வட்ட வட்டமாகக் கன்று முளைத்ததால் அன்றைய கணக்கு எடுப்பது சுலபமாக இருந்தது. சோபியாதான் எடுத்தாள். வெங்கடேசன் நிலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மழை. அவளுடைய முப்பது சென்ட்டில் முந்நூற்று அறுபத்தைந்து. ஊரிலும் காலனியிலுமாக ஐந்நூற்றிருபது. ஏரிக்குள் ஐந்நூற்று நாற்பத்திரண்டு. ஆக ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பது. பறித்த காய் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. ஒரு மழை இன்னும் பாக்கி.