அந்தரத்தில் நின்ற தபால்காரி

தம்பி செய்த கணினி விளையாட்டை எல்லோரும் புகழ்ந்தபோது அக்காவுக்கு வயிறு எரிந்தது.

கையில் குடையோடு ஒரு தபால்காரி திரையின் இடமிருந்து வலமாக ஓடுவாள். வழிமறிக்கும் காக்கைகளைக் குடையால் அடிப்பாள், கூரை விட்டுக் கூரை தாவுவாள், குடையை விரித்து மெல்ல இறங்குவாள். அவ்வளவுதான் விளையாட்டு. தம்பி வேலையை விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து தனி ஆளாகச் செய்தது. படம், இசை, காக்கையின் கத்தல்கூட அவனுடையதுதான். வெளியானதும் பாராட்டு குவிந்தது.

அக்கா ஒரு நிறுவனத்தில் விளையாட்டுகளைச் சோதிப்பவள். பிறர் செய்ததில் எங்கே ஓட்டை என்று தேடுவது தொழில். தம்பிக்கு முன்பே அவளும் சொந்தமாக ஒன்றைத் தொடங்கியிருந்தாள். தூங்குமூஞ்சிக் காவல்காரன் ஒருவன் அறை அறையாகக் கதவு திறக்கும் ஆட்டம் அது; மூன்றாவது அறையோடு நின்றுவிட்டது.

"உன் தம்பி பெரிய ஆளாயிட்டாரு போல? எங்க வீட்டுக்காரர் தூக்கத்துலயும் காக்காவை விரட்டுறார்டி" என்றாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி.

"விரட்டட்டும். காக்காதான் பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள் அக்கா.

பிறகு புகார்கள் வந்தன. உடையும் பாலத்தில் தபால்காரி விழுந்து சாகிறாள். ஆட்டத்தை மூடித் திறந்தாலும் விழுந்துகொண்டே இருக்கிறாள். மீள வழியில்லை, முதலிலிருந்து ஆட வேண்டும். ஆடியவர்கள் மதிப்பெண்ணாகத் தரும் நட்சத்திரங்கள் குறையத் தொடங்கின.

அக்கா மதிய இடைவேளையில் அந்தப் பாலத்தை ஆடிப் பார்த்தாள். காரணம் உடனே பிடிபட்டது. தம்பியிடம் சொல்லவில்லை. அன்று முழுக்கப் புகார்களைப் படித்தாள். ஒவ்வொன்றும் இனித்தது. இப்படி இனிக்கிறதே என்று பயந்தாள். பயந்துகொண்டே அடுத்ததைப் படித்தாள்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது தம்பி மேசையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உலகமே உன்னைத் திட்டுது. நீ சிரிக்கிறியா?"

"மூளை வெந்துபோச்சுக்கா. நான் எத்தனை தடவை ஆடினாலும் பாலத்துல தபால்காரி விழ மாட்டேங்குறா. அதான் உன்னோடதை எடுத்து ஆடுறேன்."

திரையில் அவளுடைய மூன்றாவது அறை. காவல்காரன் தூங்கிக்கொண்டே கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"எங்கயாவது மாட்டிக்கிட்டா இதைத்தான் ஆடுவேன். இவன் குறட்டையைக் கேட்டா மனசு லேசாயிடும். நாலாவது அறை எப்பக்கா வரும்?"

அக்கா உள்ளே போனாள். முகம் கழுவிவிட்டுக் கைகூப்பி நின்றாள். இவனைப் போல் என்னை ஆக்கு என்று கேட்க மனம் வரவில்லை. கடவுளே, என் வாயை மட்டும் திறந்துவிடு என்று கேட்டாள். அதுவே பெரிய வேண்டுதலாக இருந்தது.

திரும்பி வந்து நாற்காலியின் பின்னால் நின்றாள். "பாலத்துக்குப் போ. குடையை விரிச்சுக்கிட்டே ஓடு."

"அங்க நான் எப்பவும் மடக்கிட்டுத்தான்கா ஓடுவேன்."

"செஞ்சவன் நீ, உனக்குப் பயமில்லை. மத்தவங்க பயத்துல விரிப்பாங்கடா."

விரித்தான். பலகை உடைந்தது. தபால்காரி மிதந்தபடியே, தொட்டால் ஆட்டத்தைச் சேமிக்கும் விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தைத் தொட்டாள். ஆட்டம் சேமிக்கப்பட்டது, அந்தரத்தில். ஆட்டத்தை மூடித் திறந்தான். குடை மடங்கியிருந்தது. அவள் கல்லாய் விழுந்தாள்.

"கால் தரையில இருக்கான்னு கேக்காமலே சேமிக்கிற" என்றாள் அக்கா.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "எப்பக்கா கண்டுபிடிச்ச?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"நேத்து மத்தியானம்."

"நேத்தேவா?"

"ஆமா. பொறாமைடா."

அவன் திரும்பாமலே கண்ணைக் கசக்கினான்.

"நேத்தே சொல்லியிருந்தா கொஞ்சம் தூங்கியிருப்பேன்" என்றான்.

"தெரியும்."

அவன் பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கீழே போட்டான். "உக்காரு. வேற எங்கெல்லாம் இப்படி விட்டிருக்கேனோ. உன் கண்ணுக்குத்தான் தெரியும்."

அவன் தட்டச்சு செய்ய, அக்கா உட்கார்ந்தாள். மேசையில் கிடந்த அவனுடைய கைப்பேசி ஒளிர்ந்தது. விளையாட்டைப் பற்றி யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள்.

"படிச்சுச் சொல்லுக்கா. திட்டுதானே?"

திட்டு இல்லை. நீண்ட பாராட்டு. அக்காவுக்கு எங்கோ சுருக்கென்று குத்தியது. ஒரு வரியையும் விடாமல், அவனுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.