யாரிடம் வாங்கிய பாட்டு

என் மனைவி டெஸ்ஸா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. முப்பத்தொரு வயது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பயணம் என் நண்பன் ராய்ஸின் யோசனை. கென்டக்கி மலையில் பைக்வில் எங்கள் ஊர். அங்கிருந்து தெற்கே இறங்கி, பாட்டுப் பிறந்த இடங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு மெம்ஃபிஸ் வரை போவது. பதினைந்து வயதிலிருந்து அவன் சொல்லிக்கொண்டிருந்த வழி அது. நான் வரவில்லை என்றேன். அவன் என் துணிகளைப் பையில் அடைத்து வேனில் போட்டான். மறுத்துப் பேசத் தெம்பில்லை. ஏறிக்கொண்டேன்.

ஆறு வருடம் மூவரும் சேர்ந்து வாசித்தோம். ராய்ஸ் வயலின், நான் பேஞ்சோ, டெஸ்ஸா குரல். பாட்டு எழுதியதும் அவள்தான். அவள் போன பிறகு நான் பேஞ்சோவை உறையிலிருந்து எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில், ராய்ஸிடம் ஒன்று சொன்னேன்.

“இனிமே அவ பேரை என் முன்னாடி எடுக்காத.”

சரி என்றான். அதன் பிறகு ஒரு முறைகூட எடுக்கவில்லை. சொன்ன சொல்லில் நிற்பவன்.

போகும் ஊர்களில் அவன் எங்காவது நுழைந்து, அங்கிருப்பவர்களோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு வருவான். நான் வேனில் இருப்பேன். அவன் உள்ளே என்ன வாசித்தான் என்று கேட்டதில்லை.

ஐந்தாம் நாள், டென்னசியில் சாலையோரம் ஒரு வெண்கலப் பலகை இருந்தது. நூறு வருடத்துக்கு முன் ஒரு பேராசிரியர் அந்த இடத்தில் ஒரு சலவைக்காரியிடமிருந்து நாற்பத்திரண்டு பாடல்களைச் சேகரித்தாராம். பேராசிரியரின் முழுப் பெயர், பிறந்த ஊர், படித்த கல்லூரி எல்லாம் பலகையில் இருந்தன. அவர் ஏறி வந்த குதிரையின் பெயரும் இருந்தது. பிரின்ஸ். சலவைக்காரிக்குப் பெயர் இல்லை.

ராய்ஸ் வாயில் சோளரொட்டியை வைத்துக்கொண்டே படித்தான்.

“நாப்பத்திரண்டு பாட்டு பாடி முடிக்க எப்படியும் மூணு நாள் ஆகும்டா. மூணு நாள்ல ஒரு தடவகூட ‘அம்மா, உங்க பேரென்ன’ன்னு கேக்கத் தோணல பாரு அந்த ஆளுக்கு.”

“குதிரையக் கேட்டிருக்காரு.”

“அது பதில் சொல்லிருக்கும். மரியாதை தெரிஞ்ச குதிரை.”

அவன் பலகையின் மேல் ஒரு துண்டு ரொட்டியை வைத்தான், அந்தப் பெண்ணுக்கு என்று சொல்லி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் வந்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அலபாமாவுக்குள் நுழைந்தோம். டில்லர்ஸ் கேப் என்று ஓர் ஊர். அங்கே பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை இசை மண்டபமாக மாற்றி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து வாசிக்கலாம். பத்து மணிக்கே வேனுக்குள் இருக்க முடியாத வெயில். அதனால் நானும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். வாசலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ராய்ஸ் படிக்காமல் போட்டான். நான் வாசிக்க வரவில்லை என்று சொல்லிப் போடவில்லை.

பன்னிரண்டு நாற்காலி, வட்டமாக. எங்கள் பாட்டுக்காரர்கள் எங்கே கூடினாலும் ஒரே வழக்கம்தான். முறை இடப்பக்கமாகச் சுற்றி வரும். முறை வந்தவர் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்: என்ன சுருதி, யாரிடம் வாங்கிய பாட்டு. எங்களில் பாதிப் பேருக்கு இசை எழுதவும் தெரியாது, எழுதியதைப் படிக்கவும் தெரியாது. ஒரு பாட்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்கு வாய்ச்சொல்தான் சாட்சி. அதை விட்டுவிட்டு வாசிப்பவனைத் திருடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை நாற்காலி காலியாக இல்லை என்பார்கள்.

ராய்ஸுக்கு முன்னால் ஒரு பெரியவர்.

“டி சுருதி. எங்க சித்தப்பா க்ளைடுகிட்ட வாங்கினது. அவரு மகா மோசமா வாசிப்பாரு. நான் அதை மாத்தாம வெச்சிருக்கேன்.”

“அது எங்களுக்கே தெரியும் ஹாய்ட், ஆரம்பி” என்றார் கிதாரோடு உட்கார்ந்திருந்த அம்மாள். மிசஸ் ஸ்டிடம். வட்டத்தை நடத்துபவர் அவர்தான்.

ஹாய்ட் மோசமாக வாசித்தார். பிறகு ராய்ஸின் முறை.

“ஜி சுருதி” என்றான். என் பக்கம் ஒரு பார்வை. “பழைய பாட்டு.”

வயலினைத் தாடைக்குக் கீழே வைத்துப் பாட ஆரம்பித்தான்.

*வட்டச் சன்னலுக்குள்ளே உன் சட்டை சுற்றி வருது,
கையைத் தூக்கிக் கூப்பிடுது, காத்திருக்கேன் நான்.*

டெஸ்ஸாவின் பாட்டு. பைக்வில்லில் காசு போட்டுத் துவைக்கும் கடையில், என் வேலைச் சட்டைகள் காய்வதற்காகக் காத்திருந்தபோது, சோப்புத்தூள் டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியது. டப்பாவைக் கிழித்து எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். ஆறு வருடத்துக்கு முன்னால். அந்த அட்டை இப்போது இல்லை. அவள் பொருள்களை ஒரே நாளில் ஏறக்கட்டியபோது குப்பையோடு போய்விட்டது. போட்டவன் நான்.

பாட்டு முடிந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மிசஸ் ஸ்டிடம் கிதாரை மடியில் சாய்த்தார்.

“நல்லா இருந்துச்சு கண்ணு. ஆனா யார்கிட்ட வாங்கினேன்னு நீ சொல்லலையே.”

ராய்ஸ் கையிலிருந்த வயலின் வில்லைப் பார்த்தான்.

“ஞாபகம் இல்லைங்க, மேடம்.”

நான் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தேன். 

மூலையில் ஒலிப்பதிவுப் பெட்டிக்குப் பின்னால் இருந்த ஒருவர் எழுந்தார். டாக்டர் விட்கம். மண்டபத்துக்கு வரும் எல்லாப் பாட்டையும் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பவர். முகம் சிவந்திருந்தது, மகிழ்ச்சியில்.

“எவ்வளவு வருஷமா இப்படி ஒரு பாட்டைத் தேடிட்டு இருக்கேன் தெரியுமா? அந்த வட்டச் சன்னல், அது கல் தேவாலயத்துச் சன்னல். சட்டை, செத்தவனோட சட்டை. கூப்பிடுறது ஆவி. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்திருக்கு இந்தப் பாட்டு.”

“அது டிரையர்” என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“துணி காயவைக்கிற மெஷின். அதுக்கு வட்டமா கண்ணாடிக் கதவு இருக்கும். உள்ளே சட்டை சுத்தும். அவ்வளவுதான். கப்பலும் இல்ல, ஆவியும் இல்ல. அது என் பொண்டாட்டி எழுதின பாட்டு.”

ஹாய்ட் பெரியவர் கெக்கலித்தார். “டாக்டர், உங்க ஆவி ஈரத்துணியாப் போச்சே!”

விட்கம் சிரித்தார், குழந்தையிடம் சிரிப்பதுபோல.

“உங்க மனைவி இதை எங்கேயோ கேட்டிருப்பாங்க. பாட்டியோ அத்தையோ பாடிருப்பாங்க. பெண்கள்தானே பாட்டையெல்லாம் மறக்காம காப்பாத்தி வெச்சிருக்காங்க. அது பெரிய சேவை. நான் குறைச்சுச் சொல்லல.”

“அவ காப்பாத்தல. எழுதினா.”

“இவ்வளவு நல்ல பாட்டைத் தனியா ஒருத்தர் உட்கார்ந்து எழுதிட முடியாது. பல தலைமுறை தேய்ச்சாத்தான் இந்த வழவழப்பு வரும். ஏதாவது கைப்பிரதி இருக்கா?”

“இல்ல.”

“பதிவு?”

“இல்ல.” பதிவு செய்வதை அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே இருந்தோம்.

“அவங்க கிட்டயே பேசலாமா?”

நான் ராய்ஸைப் பார்த்தேன். அவர் தன் சந்தேகம் தீர்ந்தவர்போல அட்டையை எடுத்து எழுதினார். மேசைக்குப் போய்ப் பார்த்தேன். *இயற்றியவர்: தெரியவில்லை. பாடியவர்: ராய்ஸ் காம்ஸ். சேகரித்தவர்: டாக்டர் லூயிஸ் எம். விட்கம்.* கடைசி வரி முன்பே அச்சடித்தது.

“ராய்ஸ்” என்றேன். “சொல்லுடா.”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். என்னையே பார்த்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறான். பதினோரு மாதமாக நின்றுகொண்டிருக்கிறான்.

“பேரச் சொல்லுடான்னு சொல்றேன்ல!”

“டெஸ்ஸா” என்றான்.  ஆறடி இரண்டங்குல ஆள், வயலினை மார்போடு பிடித்துக்கொண்டு அழுதான்.

மீதியை நான் சொன்னேன். “ஜி சுருதி. டெஸ்ஸா ராட்லிஃப்கிட்ட வாங்கினது. பைக்வில், கென்டக்கி. அவளே கட்டின பாட்டு.”

“நன்றி தம்பி. இப்பதான் அந்தப் பையன் முறை முடிஞ்சுது” என்றார் மிசஸ் ஸ்டிடம். பிறகு மூலைப்பக்கம் திரும்பினார். “எழுதிக்கோங்க டாக்டர்.”

“எழுதுறேன். ‘கணவரின் கூற்றுப்படி’ன்னு கீழே ஒரு குறிப்பு போடலாம்.”

“கூற்றா?” என்றேன். “நீங்க ஆவின்னு சொன்னது கண்டுபிடிப்பு, நான் டிரையர்னு சொன்னது கூற்றா?”

“உணர்ச்சிவசப்படாதீங்க. ஆராய்ச்சிக்குன்னு ஒரு முறை இருக்கு.”

“இங்கயும் ஒரு முறை இருக்கு. இவனுக்கு முன்னாடி வாசிச்ச எல்லாரும் சொல்லிட்டுத்தான் வாசிச்சாங்க. உங்க காதுல விழலையா? அத்தனையும் பதிவாகுதே!”

“டாக்டர், அதை அழிச்சிடுங்க. நான் பாடினது, நான் சொல்றேன்” என்றான் ராய்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வாசல்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. பதிவு மண்டபத்தோடது.”

ராய்ஸுக்கு அழுகை நின்றுவிட்டது. “டென்னசில ஒரு குதிரைக்குப் பலகைல பேர் போட்டு வெச்சிருக்காங்க. அது பக்கத்துல உங்களையும் கொண்டுபோய்க் கட்டணும்யா.”

அதோடு எங்களை வெளியே போகச் சொன்னார்கள். மிசஸ் ஸ்டிடம் வாசல் வரை வந்தார். ஹாய்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்கமிடம் சண்டை போட அவர்களால் ஆகாது. மண்டபமே அவர் கையில்.

அந்த அட்டையில் இன்றுவரை ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது, என் ஆர்வத்துக்கு நன்றி என்று. இணையத்தில் தேடினால் இன்றும் கிடைக்கும். இயற்றியவர் தெரியவில்லை.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். ராய்ஸ் சாவியைப் போடவில்லை.

“எத்தனை ஊர்ல?” என்று கேட்டேன்.

“என்ன?”

“எத்தனை ஊர்ல இதைப் பாடினே? ‘பழைய பாட்டு’ன்னு சொல்லி.”

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னான். “நாலு. இது அஞ்சாவது.”

“நான்தான் அங்க இல்லையே. அப்ப ஏன் சொல்லல? என் முன்னாடி எடுக்காதன்னுதானே சொன்னேன்.”

“பேரைச் சொன்னா, ‘அவங்க வரலையா’ன்னு கேப்பாங்கடா. நான் என்ன சொல்றது? ஒவ்வொரு ஊர்லயும் அதைச் சொல்லணும். நீ சொல்லாதன்னு சொன்னதும் எனக்கு வசதியாப் போச்சு. அதுக்குப் பின்னாடி நானும் ஒளிஞ்சுக்கிட்டேன்.”

“பாடாம இருந்திருக்கலாமே.”

“பாடாமயும் இருக்க முடியல.”

அவனை அடிக்கலாம் போலிருந்தது. என்னை அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. விட்கம் அட்டை எழுதியது இன்றைக்கு. நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தப் பெயரை அழிக்க ஆரம்பித்துப் பதினோரு மாதம்.

“யாராவது கத்துக்கிட்டாங்களா?”

“ஒரு பொண்ணு போன்ல பதிஞ்சா. நேத்து அந்த முடிவெட்டுற கடைல, கடைக்காரரு மாண்டலின்ல புடிச்சுட்டாரு. கிளம்புறப்ப அவரே வாசிச்சுட்டு இருந்தாரு.”

“வண்டியத் திருப்பு.”

“மெம்ஃபிஸ்?”

“திருப்புடா.”

திருப்பினான். வந்த வழியே மூன்று மணி நேரம் ஓட்டினான்.

முடிவெட்டும் கடையை மூட இன்னும் அரை மணி இருந்தது. கடைக்காரர் பெயர் வெர்னல். ஒருவர் முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“அடடே, வயலின்காரத் தம்பி! உன் பாட்டு நேத்திலிருந்து மண்டைய விட்டு இறங்கல. ரெண்டாவது அடி கொஞ்சம் நொண்டிச்சு. நான் சரி பண்ணிட்டேன். ‘கையைத் தூக்கிக் கூப்பிடுது, கர்த்தர் வருவார்’னு போட்டேன். எப்படி?”

“அது சரி இல்ல” என்றேன்.

“இது யாரு?”

“அது பழைய பாட்டு இல்ல. ஜி சுருதி. டெஸ்ஸா ராட்லிஃப்கிட்ட வாங்கினது. பைக்வில், கென்டக்கி. இவன் நேத்து சொல்லாம விட்டுட்டான். தப்பு எங்களோடது.”

வெர்னல் கத்தியை நுரையிலிருந்து எடுத்தார்.

“அதானே! சொல்லாம விட்டானேன்னு எனக்கும் உறுத்துச்சு. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அவங்க வரலையா?”

ராய்ஸ் தரையைப் பார்த்தான்.

“இல்ல” என்றேன். “செத்துட்டா. என் பொண்டாட்டி.”

நாற்காலியில் இருந்தவர் நுரைக்கு நடுவிலிருந்து, “ஐயோ பாவம்” என்றார்.

“அந்த அடிய அவ எழுதினபடி ஆக்குங்க” என்றேன்.

“முயற்சி பண்றேன் தம்பி. நாக்கு பழகிருச்சு.”

“இப்பவே. நான் இருக்கும்போதே.”

அவர் என்னைப் பார்த்தார். கத்தியைத் துடைத்து வைத்தார். மாண்டலினை எடுத்தார். நாற்காலிக்காரர் பாதி முகத்தோடு காத்திருந்தார். வெர்னல் பாடினார். தப்பு. மறுபடி என்றேன். பாடினார். மறுபடி கர்த்தர் வந்தார். மறுபடி என்றேன். ராய்ஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கையைத் தட்டிவிட்டேன்.

மூன்றாம் முறை சரியாக வந்தது.

“யார்கிட்ட வாங்கினது?” என்று கேட்டேன்.

சொன்னார். ஊர் உட்பட.

போனில் பாட்டைப் பதிந்த பெண் இருந்த ஊர் அங்கிருந்து நூற்றெழுபது மைல். ராய்ஸ் சாவியைப் போட்டான்.