வியாழக்கிழமை லக்மான்

சம்பந்தி வீட்டாரை எங்கே சாப்பிடக் கூட்டிப்போவது என்று குழம்புகிறவர்கள் முதலில் போன் போடுவது ஷோமுரோதுக்குத்தான். மனிதர் சமையல்காரர் இல்லை, ஓட்டல்களில் பிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். தாஷ்கெண்டில் கடைகளின் முன்பக்கத்தை ஊரே பார்க்கிறது, பின்பக்கத்தைப் பார்க்கிறவர் அவர்.

"மேஜைத்துணியப் பாத்து ஏமாறாதே. கண்ணாடி மாளிகைக்குப் போனா பில்லுதான் பெருசா வரும். ரோட்டோரத்துல தின்னா ராத்திரி பூரா வயித்தப் பிடிச்சிக்கிட்டுக் கெடப்பே. ரெண்டுக்கும் நடுவுல இருக்கு பாரு, அங்கதான் ஜனங்க நிம்மதியா சாப்பிடுது" என்பார். பிறகு வரிசையாக வரும். நோரினுக்கு யூனுசோபோதில் ஒரு மீசைக்காரர் கடை, மாவை இன்னும் கத்தியால்தான் நூல் நூலாக நறுக்குகிறார்கள். பிலாச் சோற்றுக்கு பெஷ்யோகோச் பக்கம், ஆனால் மதியத்துக்குள் போய்விட வேண்டும், பிந்திப் போனால் கொப்பரையைச் சுரண்டித்தான் போடுவார்கள். கறி அடைத்த சம்ஸாவுக்கு ரயிலடி.

"லக்மானுக்கு?" என்று, கையால் இழுத்த மாவு நூலில் கறிக்குழம்பு ஊற்றித் தரும் அந்தக் கிண்ணத்துக்குக் கடை கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

"எங்க வேணா போ. சிலோன்ஸோர்ல ஸலோமத்து கடைன்னு ஒண்ணு இருக்கு, அங்க மட்டும் போயிராதே. பழைய எண்ணெய். கறி நாத்தம்."

அவர் மனைவி முகர்ரம் இதை வெகுநாள் நம்பினாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள் அவள். ஊசியில் நூல் கோக்கும்போதுகூடச் சந்தேகத்தோடுதான் கோப்பாள், ஆனால் புருஷனின் நாக்கைச் சந்தேகித்ததில்லை. அந்த நம்பிக்கையில் மண்ணை வாரிப் போட்டவள் பக்கத்து வீட்டு ரானோ.

"உங்க வீட்டுக்காரர் வண்டி ஸலோமத் கடை வாசல்ல நிக்குதே முகர்ரம். போன வியாழக்கிழமையும் பாத்தேன், அதுக்கு முந்துன வியாழக்கிழமையும் பாத்தேன்."

"பிரிட்ஜ் ரிப்பேரா இருக்கும்."

"வாரா வாரம் வியாழக்கிழமையா பாத்து ரிப்பேராகுற பிரிட்ஜா? நல்ல பிரிட்ஜுடி அம்மா!" என்று ரானோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்த ஸலோமத்து புருஷன் இல்லாதவ. ஆளும் நல்லாத்தான் இருப்பா. எனக்கென்னத்துக்கு, நான் பாட்டுக்கு வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கேன்."

சும்மா இருக்கிறாளாம்! அன்றிலிருந்து முகர்ரத்துக்குத் தூக்கம் போயிற்று. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. வியாழக்கிழமைகளில் அவர் வெள்ளைச் சட்டை போடுகிறார். பிரிட்ஜுக்கு அடியில் படுத்துக் கிரீஸில் புரளுகிறவனுக்கு வெள்ளைச் சட்டை எதற்கு? அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். "பசியில்ல" என்று டீக் கிண்ணத்தை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பார். எதையோ நினைத்துப் பெருமூச்சு வேறு.

அவள் கேட்கலாம்தான். ஆனால் அந்த வீட்டில் கேள்வி கேட்கும் பழக்கமே போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. மகன் எல்யோர் சொல்லாமல் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போய் முசுக்கொட்டை மரத்தில் மோதினான். ஷோமுரோத் தெருவே பார்க்க அவனைக் கன்னத்தில் அறைந்தார். உடுத்த துணியோடு வெளியேறியவன் சில மாதம் ஊருக்குள்ளேயே எங்கோ இருந்தான், பிறகு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். "அவன் பேரு இந்த வீட்டுல என் காதுல விழக்கூடாது" என்று ஷோமுரோத் சொல்லிவிட்டார். அதுவரை ஊர் வழக்கப்படி அவரை "எல்யோர் அப்பா" என்று கூப்பிட்டவள், அன்றிலிருந்து வெறும் "என்னங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள். பையன் எப்போதாவது அவளுக்குப் போன் செய்வான். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுவான்.

ரானோ வீட்டுச் சுவரில், பட்டாளத்துக்குப் போன பையன் கடித்துவிட்டுப் போன ரொட்டி துணியில் கட்டித் தொங்குகிறது. ஊரை விட்டுப் போகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து மீதியை அவனேதான் தின்ன வேண்டும். அதுவரை வேறு யார் பல்லும் அதில் படக்கூடாது, பட்டால் போனவனுக்கு வழி மறந்துவிடும். எல்யோர் கடித்த ரொட்டி முகர்ரம் வீட்டில் இல்லை. சுவரில் அதற்கென்று அவள் அடித்த ஆணி வெறுமனே நிற்கிறது. போதாக்குறைக்கு இந்த வசந்தத்தில் ஷோமுரோத் குளிர்பதனக் கிடங்கு வேலைக்காக புகாரா கிளம்பியபோது அவள் ரொட்டியோடு வாசலுக்கு ஓடினாள். "புகாரா என்ன நிலாவுலயா இருக்கு?" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் வெள்ளைச் சட்டையோடு கிளம்பியதும் முகர்ரமும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். காலையில் வேறு இரண்டு இடத்தில் வேலை இருப்பதாக அவர் போனில் பேசியதைக் கேட்டிருந்தாள். அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். பிடித்து என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

கடை சுத்தமாக இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பெரிய பகட்டு இல்லை, எண்ணெய்த்துணி விரித்த மேஜைகள், ஆபீஸ்காரர்கள், குழந்தை குட்டியோடு இரண்டு குடும்பம். உள்ளே மாவை இழுத்துப் பலகையில் அடிக்கும் சத்தம். காதில் தங்க வளையம் ஆட ஒருத்தி எல்லா மேஜைக்கும் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இவள்தான் ஸலோமத், சந்தேகமே இல்லை. இடுப்பைப் பார், சிரிப்பைப் பார்!

"வாங்கக்கா, லக்மான்தானே? சூடா இழுத்துத் தர்றோம்."

"கொண்டா, பாப்போம்."

லக்மான் வந்தது. முகர்ரம் ஒரு வாய் வைத்தாள். அவ்வளவுதான், கோபம் இரண்டு பங்காகிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு லக்மானை அவள் தின்றதில்லை. மாவு வழுக்கிக்கொண்டு போனது, கறி பஞ்சாக வெந்திருந்தது. பழைய எண்ணெயாம்! கறி நாத்தமாம்! அடப்பாவி மனுஷா, மற்ற கடைக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டு இந்தக் கடைக்கு மட்டும் பொய்யா? கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை வழித்துத் தின்றாள், அழுகையோடு.

தலையை நிமிர்த்தியபோதுதான் அதைப் பார்த்தாள். மூலை மேஜைக்கு மேலே, சுவரில், மெல்லிய துணியில் கட்டிய ரொட்டி.

யாரையும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி எடுத்துவிட்டாள். ஓரத்தில் ஒரு கடி. கடித்த இடத்தின் நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு மேடு, பல் படாமல் விட்டது. ஷோமுரோதின் முன்பற்களுக்கு நடுவில் அப்படி ஒரு சந்து உண்டு. அவர் அப்பாவுக்கும் உண்டு, அந்த வம்சத்துக்கே உண்டு. இருபத்தைந்து வருஷமாக அந்தப் பல்லைத்தான் எதிரில் பார்த்துச் சாப்பிடுகிறாள்.

ஆக, புகாரா நிலாவில் இல்லை! வீட்டு ரொட்டியைத் தட்டிவிட்டு இங்கே வந்து இவள் கையால் வாங்கிக் கடித்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வருகிறேன் என்று இவளுக்குத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார். முகர்ரத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை, ரொட்டியை எப்படி எறிவது? அப்படியே வாய்க்குக் கொண்டு போய்க் கடைவாய்ப் பல்லால் ஒரு துண்டைக் கடித்து உடைத்தாள். கல்லாக இருந்தது. பல் நொறுங்கினாலும் சரி என்று மென்றாள். இனிமேல் வா, எந்த வழியாக வருகிறாய் பார்க்கிறேன்!

"ஐயய்யோ! என்னக்கா பண்ணிட்டீங்க!" ஸலோமத் கையில் இருந்த தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அது அடுத்தவங்க ரொட்டி!"

"அடுத்தவளா? நானாடி அடுத்தவ? என் புருஷன் பல்லு எனக்குத் தெரியாதா?"

"யாருக்கா உங்க புருஷன்?"

"தெரியாத மாதிரி கேக்குறியே, பிரிட்ஜ் ஷோமுரோது!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஸலோமத் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்க எல்யோரு அம்மாவா?"

முகர்ரம் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இங்கதான்கா வேலை பாத்தான். மாவு இழுக்க நாந்தான் கத்துக் குடுத்தேன், தங்கமான கை. ரஷ்யாவுக்குக் கெளம்புற அன்னிக்கு, 'அக்கா, ஒரு ரொட்டி குடுங்க, வீட்டுல போயி கேக்க முடியாது'ன்னான். கடிச்சிட்டுப் போனான். அப்புறம் ஒரு நாள் உங்க வீட்டுக்காரர் பிரிட்ஜ் பாக்க வந்தாரு. அந்தக் கடியப் பாத்தாரு, அங்கயே நின்னுட்டாரு. அன்னிலேர்ந்து வாரா வாரம் வர்றாரு. அதுக்குக் கீழ உக்காந்து சாப்பிடுவாரு. 'போன் பண்ணானா'ன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

முகர்ரம் கையைப் பார்த்தாள். ரொட்டியில் இப்போது இரண்டு கடி இருந்தது. அவள் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

"என் புள்ள ரொட்டிய நானே தின்னுட்டேனே! என் வாயாலயே அவன் வழிய அடைச்சிட்டேனே, பாவி!"

வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டையோடு ஷோமுரோத் உள்ளே வந்தார். முதலில் சுவரைத்தான் பார்த்தார். வெறும் ஆணி. பிறகு தரையில் பெண்டாட்டி, அவள் மடியில் ரொட்டி. அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

"இது யாரு கடிச்சது?"

"நாந்தான். உங்க பல்லுன்னு நெனச்சேன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. அடிப்பார், கத்துவார் என்று கடை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் ஸலோமத் பக்கம் திரும்பினார்.

"ஸலோமத்து, அவன் நம்பரு இருக்கா? போடு."

"நீங்க பேசுறீங்களாண்ணே?"

"போடுன்னா போடேன்! எனக்கு ஒண்ணும் நல்லாப் படல."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. முகர்ரம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கடைசியில் அங்கே யாரோ எடுத்தார்கள், பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா."

ஷோமுரோத் போனை வாங்கி முகர்ரம் பக்கம் நீட்டினார். முகர்ரம் அவர் விலாவில் இடித்தாள்.

"பேசுங்க, எல்யோர் அப்பா!"

"எல்யோரு, அப்பாடா. நல்லா இருக்கியா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? எங்கயும் விழுந்து கிழுந்து வைக்கலியே?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"நல்லா இருக்கேம்ப்பா. இன்னிக்கு வியாழக்கிழமைல்ல, சாப்டீங்களா?"

"வியாழக்கிழமைன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா வாரா வாரம் சொல்லுவாங்க. இன்னிக்கு வந்தாரு, அரைக் கிண்ணம்தான் சாப்பிட்டாருன்னு."

ஷோமுரோத் திரும்பிப் பார்த்தார். சத்தியம் செய்து கொடுத்த ஸலோமத், "அடுப்புல ஏதோ தீயுது" என்று சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

"டேய், உன் ரொட்டிய உங்கம்மா கடிச்சிட்டாடா" என்றார் ஷோமுரோத்.

"அம்மாவா? அது காஞ்சி கல்லால்ல இருக்கும்! பல்லு ஒண்ணும் போகலியே?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஷோமுரோதின் பல் சந்து தெரிந்தது. கண்ணிலிருந்து ஒழுகியதை வெள்ளைச் சட்டையின் கையால் துடைத்தபடியே, "மீதிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமாடா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டுப் போங்கப்பா. நம்ம ஆணி சும்மாதானே இருக்கு."

முகர்ரம் தலையிலிருந்த முக்காட்டை அவிழ்த்து ரொட்டியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.