ஆள் போகாத இடம்

வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. ரொறன்ரோவில் எங்கள் வோபர்ன் வீட்டில் இது சட்டம், மான் வேட்டைக் காலத்தில் இரட்டைச் சட்டம். என் மனைவி ஜெயமலர் கேட்கவே மாட்டாள். மகள் அட்சயாதான் அந்தச் சனிக்கிழமை விடியமுன் அரைத் தூக்கத்தில் படியிறங்கி வந்து, நான் கதவைத் திறக்கிற நேரம் பார்த்து, "எங்க போறீங்கள் அப்பா?" என்று கேட்டுவிட்டாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இது தெரியாதா? ஏசினேன். பிறகு வழக்கப்படி பையை இறக்கி வைத்து, கதிரையில் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பயணத்தைப் புதிதாகத் தொடங்கினேன். அவள் முகம் சுருங்கி மேலே போய்விட்டாள்.

ஒஷாவா நகருக்கு வடக்கே நான் வேட்டைக்குப் போகிற காடு பொதுக்காடு. அனுமதி எடுத்த எவரும் வரலாம். ரொறன்ரோ முழுக்க வருகிறது. புதிதாக வருகிறவர்கள் மானின் தடத்தைத் தேடுவார்கள். நான் மனிசரின் தடத்தைத் தேடுகிறவன். நெடுந்தூரம் உள்ளே நடந்தால்தான் மான் என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம். எல்லாரும் உள்ளே போய்விட்டால் மானுக்கு அங்கே என்ன வேலை? கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், றோட்டு வேலிக்கும் சேற்றுக்கும் நடுவில், ஒடுக்கமாக ஒரு துண்டுக் காடு கிடக்கிறது. ஒண்டுக்குப் போகக்கூட ஒருவனும் அதற்குள் நுழைய மாட்டான். மூன்று வருடமாக அது என்னுடைய இடம்.

அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. கிளிபோட் என்று அந்தப் பக்கத்து வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், காரடியில் கண்டால் இன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்பார். நான் வடக்கே கையைக் காட்டுவேன். அவர் நடந்து மறைந்த பிறகுதான் அசைவேன்.

மரத்தில் ஏறிக் காத்திருக்க என்னிடம் இருப்பது இரண்டு துண்டுச் சாமான். மேல் துண்டில் குந்தி இருப்பது, கீழ்த் துண்டில் கால் வைப்பது. ஒன்றை உயர்த்தி, மற்றதை உயர்த்தி, புழுப்போல ஏறலாம். இரண்டையும் ஒரு சின்னக் கயிற்றால் இணைத்துவிட வேண்டும். அன்று கயிற்றைக் காணவில்லை. ஒரு நாளைக்குத்தானே என்று ஏறினேன். இரண்டு மாடி உயரத்தில் திரும்பி இருந்தபோது கால் வைக்கிற துண்டு கழன்று கீழே விழுந்தது.

பட்டியால் மரத்தோடு கட்டியிருந்ததால் நான் விழவில்லை. இறங்கவும் முடியவில்லை. என் பாரமே மேல் துண்டை மரத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மரமோ வழுவழுத்த பொப்லர், கட்டிப்பிடித்து இறங்க என் முழங்கால் விடாது. கால் இரண்டும் தொங்க, ஆப்பிழுத்த குரங்குபோல இருந்தேன். போன் கீழே பைக்குள். கயிறு எங்கே என்று அப்போதுதான் விளங்கியது: பையை இறக்கி வைத்த இடத்தில், வீட்டு வாசலில். இவள் கேட்டதால் வந்த வினை என்று மகளை இன்னொரு தரம் ஏசினேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பைக்குள் போன் அடித்தது. நின்று திரும்ப அடித்தது. அவள் கயிற்றைக் கண்டிருப்பாள். அது எதற்கென்று அவளுக்குச் சொல்லித் தந்தவனே நான்தான். அடித்து அடித்துப் பற்றரி செத்துப்போனது.

மதியத்துக்கு முன் கிளிபோட்டின் இருமல் வேலியோரம் கேட்டது. ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பார். ஆனால் மூன்று வருட இடம் போய்விடும், அடுத்த சனி ஊரே அதில் வந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று பல்லைக் கடித்தேன். இருமல் தூரப் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டவன்.

பின்னேரம் கால் மரத்துவிட்டது. காரடியில் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. எனக்குப் பயம் பிடித்தது. இரவு உறைந்துபோவேன். தேடி வருகிறவர்கள் எங்கே தேடுவார்கள்? பொலிஸ் கேட்டால் ஜெயமலர் தெரியாது என்பாள். அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். கிளிபோட்டைக் கேட்டால் வடக்கே கையைக் காட்டுவார்.

அந்த நேரம் பார்த்து மான் வந்தது. நல்ல கொம்பன். கல்லெறி தூரத்தில், பயமில்லாமல் படுத்துக்கொண்டது. மனிசர் வராத இடம் என்று அதுவும் என்னைப்போலக் கணக்குப் போட்டிருக்கிறது. கயிற்றால் மேலே இழுத்து மாட்டிய வில் பக்கத்தில் தொங்கியது, குளிரில் விரல் மடங்கவில்லை. இடம் சரி. அதுதான் கொடுமை.

கடைசிக் கார் ஸ்ரார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, நான் இங்க இருக்கிறன்" என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. மான் பாய்ந்தோடியது. கார் நின்றது.

கிளிபோட் சேற்றில் கால் புதைய நேரே என் மரத்தடிக்கே வந்தார். தேடவேயில்லை. வில் இழுக்கிற கயிற்றைக் கீழே விட்டேன், அவர் கால் துண்டைக் கட்டிவிட்டார். விரல் பிடிக்காததால் மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி இழுத்து, மாட்டி, ஒருமாதிரி இறங்கி அவரையே பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த இடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மூன்று வருடமாகத் தெரியும்" என்றார் இங்கிலிசில். "காலையில் போன் அடித்ததும் கேட்டது. உனக்கு ஆட்கள் வேண்டாமாக்கும் என்று விட்டுவிட்டேன்."

அவருடைய போனில் ஜெயமலருக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வீட்டு வாசலில் லைற் எரிந்தது. அட்சயா அந்தக் கயிற்றை விரலில் சுற்றியபடி குளிரில் படியில் இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் கேட்டதாலையா அப்பா?" என்றாள்.

மரத்தில் இருந்து நாள் முழுக்க நான் சொன்னது அதைத்தான். அவளும் இங்கே இருந்து அதையே தனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"இல்லையம்மா. நீ இன்னும் ரெண்டு தரம் கேட்டிருக்கோணும்."

பக்கத்தில் இருந்து இடத்தைச் சொன்னேன். கார் விடுற இடத்துக்குப் பின்னால, வேலிக்கும் சேத்துக்கும் நடுவில, பெரிய பொப்லர் மரம். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பச் சொல்லுங்கோ என்றாள். திரும்பச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஜெயமலரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.