குறைந்திருக்கிறது

வேர்க்கடலைத் தட்டைப் பிளாஸ்மா இயந்திரத்துக்குள் தள்ளி அவள் கதவைச் சாத்தியதும் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஊதா வெளிச்சம் படர்ந்தது. மின்னல் வெட்டி ஓய்ந்த பிறகு காற்றில் ஒரு வாடை வருமே, அது லேசாக எழுந்தது. உள்ளே சூடு கிடையாது. வெளியே எடுத்துத் தொட்டால் கடலை வைத்தபடியே சில்லென்றிருக்கும். மேலே ஒட்டிய பூஞ்சை மட்டும் செத்திருக்கும். பிளாஸ்மா என்றால் என்னவென்று உறவுக்காரர்கள் கேட்டால், "மின்னலைப் பிடிச்சு டப்பாவுல போட்டு வேலை வாங்குறோம்" என்று சொல்லிவிடுவாள். உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த இயந்திரம் அவள் பொறுப்பு. கிளம்பும்முன் எல்லோரும் உடை மாற்றிக் கை கழுவிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் விதி என்பதற்காகச் செய்தார்கள். அவள் தலைக்கும் குளித்துவிட்டுத்தான் போவாள். வீட்டில் ஏழு வயது மகள் இருந்தாள். கடலைத் தூள் உதட்டில் பட்டாலே அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

பக்கத்து அறையில் புரதங்களைச் சோதிக்கிற தோழி ஒருநாள் வந்து, பிளாஸ்மா பட்ட கடலையில் அலர்ஜியைக் கிளப்பும் புரதம் குறைந்திருப்பதாகச் சொன்னாள். வீட்டில் அதை வாய்தவறிச் சொன்னது வினையாகிவிட்டது. கணவன் ஒரு பேக்கரியில் ரொட்டி மாவு பிசைகிறவன். எதையும் ஊறப்போட்டு, உப்புகிறதா என்று திரும்பத் திரும்ப வந்து பார்க்கிற சுபாவம்.

"முக்கால்வாசி போச்சுன்னியே?"

"பாதிக்கு மேலன்னேன். குறைஞ்சிருக்குங்க. இல்லாம போகல."

"எவ்வளவு குறைஞ்சா இவ தாங்குவா?"

"அது யாருக்கும் தெரியாது."

"மின்னலையே பிடிச்சு வெச்சிருக்கீங்க. இது தெரியாதா?"

அவள் சிரித்து மழுப்பினாள். அவன் விடவில்லை. பல் தேய்க்கும்போது, மின்கட்டணம் பற்றிப் பேசும்போது, இடையில் அது வந்து விழும். கொஞ்சம் கொண்டு வாயேன், சும்மா பார்க்கத்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம், வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடப்படும் மகள், ஷூவைக் கழற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். "ஃப்ரெண்டு பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிடலம்மா. நான் வந்தா அவங்க வீட்ல எல்லாத்தையும் கழுவணுமாம்." அழவில்லை. ஷூவை ஜோடியாக வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். அழுதிருந்தால் தேவலை என்று தாய்க்குத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில், இயந்திரத்திலிருந்து எடுத்த கடலையில் ஒரு கைப்பிடியைக் காகித உறையில் போட்டு, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் பைகளைச் சுற்றி எடுத்துவந்தாள். அங்கிருந்து அதுவரை அவள் ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுண்டெலி வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். தாய் சமையலறை மேசையில் பழைய துணியை விரித்து உறையைப் பிரித்தாள். பக்கத்தில் அலர்ஜி ஊசியையும் வைத்தாள்.

"முதல்ல அவ மணிக்கட்டுல லேசா தேய்ச்சுப் பார்க்கலாம். ஒண்ணும் ஆகலைன்னா நுனிநாக்குல. ஊசி கையிலயே இருக்கு." இயந்திரத்தின் அளவுகளைப் படிக்கிற அதே குரல்.

அவன் ஊசியைப் பார்த்தான். கடலையைப் பார்த்தான். வெளியே கயிறு தரையில் சடக் சடக்கென்று விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கூப்பிடவா?" என்றாள்.

அவன் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டான். மென்றான். இன்னொன்று. பிறகு கை நிறைய.

"என்ன பண்றீங்க?"

"நல்லாத்தான் இருக்கு" என்றான், வாய் நிறைய. பச்சைக் கடலையை, தோலோடு, விக்கல் எடுத்தும் நிறுத்தாமல் தின்றான். உறையைக் கவிழ்த்துத் தட்டி, கடைசித் துணுக்கையும் விரலில் ஒற்றி எடுத்தான். அவள் தடுக்கவில்லை. தனக்கு வந்தது ஆசுவாசமா ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இவ்வளவு நாள் நச்சரித்தது இவர்தானே என்று மட்டும் நினைத்தாள்.

கயிற்றின் சத்தம் நின்றது.

"அப்பா!"

அவள் எழுந்து குறுக்கே போவதற்குள் சுண்டெலி சமையலறை நிலைப்படிக்கு வந்துவிட்டாள். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். சுவரில் முதுகு முட்டியது. கடலை பட்ட இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான், துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவனைப் போல.

சுண்டெலிக்கு அது புது விளையாட்டாகப் பட்டது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நிலைப்படியிலேயே நின்று, மூச்சு வாங்கச் சிரித்தபடி, அவளும் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள்.